ஒரு வாய் திராட்சரசம்

கிறிஸ்தவர்கள் குடிக்கலாமா, கூடாதா என்ற கேள்வியை எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது கிளப்பிவிடுவார்கள். முன்பெல்லாம் வாலிபர் கூட்டத்தில் கிளப்புவார்கள், இப்போது வாட்ஸாப் குழுவில். ஒருவர் கலியாண வீட்டில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கியதைச் சொல்வார். இன்னொருவர் அது புளிக்காத ரசம் என்பார், ஏதோ பக்கத்தில் நின்று ருசி பார்த்தவர் மாதிரி. மூன்றாவதாக ஒருவர் அளவோடு குடித்தால் தப்பில்லை என்பார், அவர் மனைவி அவரை முறைப்பாள். கடைசியில் ஜெபம், டீ, சமோசா. எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். குடியால் எதையும் இழக்காதவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. என் அண்ணன் விஷயத்தில் இந்தச் சபை என்ன செய்தது என்பதை எழுதப் போகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். அது ஆறுவதாக இல்லை.

எங்களுடையது சிவாஜிநகர் பக்கத்துப் பழைய தமிழ்ச் சபை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அதில்தான் இருக்கிறோம். அண்ணன் எலக்ட்ரீஷியன். நகரத்தை விட்டுத் தள்ளி, சந்தாபுராவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் வேலை, அங்கேயே வாடகை வீடு. அண்ணியும் எங்கள் சபைப் பெண்தான். அவளுடைய அப்பா சபைக் கமிட்டிக்குச் செக்ரட்டரி. கோவிலுக்குப் பின்தெருவிலேயே சொந்த வீடு. கோவிலில் ஒரு ட்யூப்லைட் மாற்ற வேண்டுமென்றாலும் அவர் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும்.

அண்ணன் குடித்தான். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. காலையில் எம்.ஆர்.பி. மதுக்கடை திறந்ததும் டெட்ரா பேக் சரக்கு வாங்கி, அங்கேயே நின்று வாயில் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற அளவுக்குக் குடித்தான். கை நடுங்குகிற எலக்ட்ரீஷியனை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? ஒரு நாள் மகளின் பள்ளிக்கூட விழாவுக்குத் தள்ளாடிக்கொண்டு போய், நாற்காலி வரிசைக்கு நடுவே விழுந்தான். மறுநாள் அண்ணி மகளை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானாக இருந்தால் அதற்கு முன்பே போயிருப்பேன்.

அவள் போனதில்தான் அவனுக்கு உறைத்தது. ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "என்ன எங்கியாச்சும் சேத்து வுடும்மா. இப்டியே வுட்டா செத்துருவேன்" என்றான். அவன் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. குடியை நிறுத்த வைக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடம்பெல்லாம் உதறி, பூச்சி ஊர்கிறது என்று கத்தி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்து, எப்படியோ தேறி வெளியே வந்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தனியாகத்தான் இருந்தேன். அதனால் அவனை என்னோடேயே வைத்துக்கொண்டேன்.

அனுப்பும்போது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்ன வயசு டாக்டர், கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசப் பார்த்தார்.

"டெய்லி மார்னிங் ஒண்ணு. தண்ணில கரைச்சு, நீங்க பாக்கறப்பவே இவரு குடிக்கணும்மா. இது உள்ள இருக்கறப்போ டிரிங்க்ஸ் போட்டா மூஞ்சி செவந்துரும், ஹார்ட் படபடன்னு அடிக்கும், வாந்தி வரும், பிபி எறங்கிரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். இருமல் மருந்து கூட பாத்துத்தான் வாங்கணும்."

அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், நாங்க கிறிஸ்டியன்ஸ். மாசாமாசம் சர்ச்ல ஒயின் குடுப்பாங்க. ஒரு வாய்தான் சார். அது குடிக்கலாமா?"

"நெஜ ஒயினா?"

"ஆமா சார்."

"பேடா. ஒந்து ஹனியும் பேடா" என்றார். ஒரு சொட்டும் வேண்டாம் என்பதைத் தமிழில் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பொறுமையில்லை போலிருக்கிறது. பிறகு நிதானித்து, மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் இருக்கும், ஒரு நாள் விட்டுவிட்டுக் குடித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள் என்றும் எச்சரித்தார்.

அண்ணன் நேராகப் போதகரிடம் போனான். நானும் கூடப் போனேன். அப்போது இருந்தவர் மாற்றலுக்குக் காத்திருந்த வயதான போதகர். யார் மனதும் நோகாமல் இருந்த நாட்களை ஓட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரி, மாத்திரை, டாக்டர் சொன்னது, எதையும் விடவில்லை.

"அப்பம் மட்டும் வாங்கிக்கிறேங்கையா. அந்த ஒயின் பாத்திரம் மட்டும் எனக்கு வேணாம். இல்லன்னா எல்லாருக்குமே திராட்சை ஜூஸ் வெச்சிடலாமே?"

"ஜூஸ் வெக்கிறதுன்னா கமிட்டிக்குப் போவணும்பா. ஒங்க மாமனார்தான் செக்ரட்டரி, ஒனக்கே தெரியும். அப்பம் மட்டும் குடுக்கிறது நம்ம வழக்கத்துல இல்ல. ரெண்டும் சேந்தாத்தான் திருவிருந்து. ஒருத்தருக்கு மாத்துனா நாளைக்குப் பத்து பேர் கேள்வி கேப்பாங்க. நீ ஒக்காந்த எடத்துலயே ஜெபம் பண்ணிக்கோ, ஆண்டவர் பாத்துப்பார்."

மாத்திரை விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். அது மனநோய்க்கும் பார்க்கிற ஆஸ்பத்திரி, எங்கள் பக்கத்தில் அதன் பெயரைச் சொன்னாலே பைத்தியம் என்றுதான் அர்த்தம். மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அது வந்து நிற்கும் என்று பயந்தான். போதகர் அந்த வாக்கை மட்டும் அப்படியே காப்பாற்றினார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் திருவிருந்து எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போய், முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கி, ஒரே வெள்ளிப் பாத்திரத்தில், ஆண்டவரின் ரத்தமாக, ஆளுக்கொரு வாய் ரசம் குடித்துவிட்டு வர வேண்டும். போகாதவர் காலை ஒடுக்கி, பெஞ்சில் மற்றவர்களுக்கு வழி விட வேண்டும். பாவத்தில் இருக்கிறவன் துணிந்து அதை வாங்கினால் தண்டனையைத் தானே வரவழைத்துக்கொள்கிறான் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் உட்கார்ந்திருக்கிறவன் பாவத்தில் இருக்கிறான் என்பது சபையின் கணக்கு. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே கண்ணை முக்கால்வாசி மூடி ஜெபிக்கிற பெண்களை எனக்குத் தெரியும். மற்றவர்கள் விஷயத்தில் சண்டையா, தப்பான சகவாசமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அண்ணன் விஷயத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை.

குடிக்காமல் இருப்பதற்காகத்தான் அவன் எழுந்து போகவில்லை. குடிப்பதால்தான் எழுந்து வரவில்லை என்று சபை முடிவு கட்டியது. பழைய இடத்திலேயே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், நல்லபடியாக வேலைக்குப் போனான். கை நடுக்கம் நின்று, முகம் தெளிந்து, எங்கள் அப்பாவின் சாயல் திரும்பி வந்திருந்தது. அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பெஞ்சில் ஒடுங்கியிருந்த அவன் முழங்காலைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளைப் பார்க்க மாமனார் வீட்டுக்குப் போனான். அண்ணியின் அப்பா வருடாவருடம் ஒயின் போடுவார். கருப்பு திராட்சை வாங்கி, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டு, பெரிய ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி ஊற வைப்பார். கேக்கோடு அது ஒரு கிளாஸ் எல்லோருக்கும் உண்டு. எனக்குத் தெரிந்து சபையில் குடிக்கு எதிராக அதிகம் பேசுகிறவரும் அவர்தான்.

"இது குடி இல்ல மாப்ள, ஹோம்மேட்" என்று நீட்டினார்.

"வேணாம் மாமா."

"கொழந்தைங்களே ஒரு வாய் குடிக்குதுங்க. நீ ஏன் பயப்படற? ஒரு வாய்லயே ஒன் குட்டு வெளிய வந்துரும்னா?"

அண்ணன் கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தான். பாப்பா ஒட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றதாம், அவள் பாட்டி வந்து பிரித்து அழைத்துப் போனாளாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொல்ல வேண்டாம் என்றாலும் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். ஹாலில் அண்ணியின் அப்பா இருந்தார், அண்ணி சமையலறை வாசலில் நின்றாள்.

"தெனமும் இந்த மாத்திரையக் கரைச்சு என் கண்ணு முன்னாடி குடிக்கிறான் மாமா. இத்தன மாசமா ஒரு சொட்டு தொடல."

"தங்கச்சி அண்ணனுக்குத்தாம்மா பேசுவா. சரி, தொடலல்ல? அப்ப ஏன் திருவிருந்துக்கு வர்றதில்ல?"

"அந்த மாத்திரைக்கு ஒயின் ஆவாது மாமா. அதான் சொல்றேன்ல."

"ஆண்டவரோட ரத்தம் ஒருத்தன் ஒடம்புக்கு ஆவாதா? அப்ப அந்த ஒடம்புல வேற என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். அண்ணியைப் பார்த்தேன். "எத்தன தடவ நம்புறது?" என்றாள், மெதுவாக. அது நியாயமான கேள்விதான். எத்தனையோ தடவை பைபிள் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, அந்தச் சாயங்காலமே குடித்துவிட்டு வந்தவன் அவன். எனக்கு அவள் மேல் அப்போதும் கோபம் வரவில்லை. அவள் அப்பா எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "ஈஸ்டருக்கு எல்லார் முன்னாடியும் வந்து பாத்திரத்துல குடிக்கட்டும். மனசுல கள்ளம் இருந்தா கை போவாது. குடிச்சான்னா அன்னிக்கே பொண்ணையும் பேத்தியையும் அனுப்பறேன்."

குடிக்கவில்லை என்று நிரூபிக்க ஒருவன் குடித்துக் காட்ட வேண்டும். இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாட்கள் பாதி தாண்டியிருந்தன. ஒரு காலையில் மாத்திரையைக் கரைத்து நீட்டினேன். அண்ணன் டம்ளரை வாங்கவில்லை.

"நிறுத்திடறேம்மா. இப்ப நிறுத்துனாத்தான் ஈஸ்டருக்குள்ள ஒடம்ப வுட்டுப் போவும்."

"நீ என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிது."

"அந்தாளுக்காக மாத்திரைய நிறுத்துவியா? நாளைக்கு மறுபடி கடை வாசல்ல நின்னா யாரு வருவா? அவரா வருவாரு?"

"எனக்குப் பாப்பா வேணும்" என்றான். நான் கத்தினேன், டம்ளரைச் சிங்க்கில் வீசினேன், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டேன். நிறுத்தவே கூடாது என்றார். "சர்ச்சுக்குப் போய்ச் சொல்லுங்கம்மா, காட் விஷயம், அவங்க புரிஞ்சுப்பாங்க" என்றார். பாவம், அவருக்கு எங்கள் சபையைத் தெரியாது.

ஈஸ்டர் ஆராதனைக்கு அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் பெஞ்சு எழுந்தபோது அவனும் எழுந்தான். கோவிலே திரும்பிப் பார்த்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு அடியை விட்டுப் பாடினார்கள். நான் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். போதகர் பாத்திரத்தோடு அவன் முன்னால் வந்தார். எல்லாம் தெரிந்த மனுஷர் அவர். ஒரு நொடி தாமதித்தார், பிறகு கொடுத்தார். அண்ணன் குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை, வேர்க்கவில்லை. காப்பாற்றிக்கொண்டிருந்த மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் ஒரே கொண்டாட்டம். அண்ணியின் அப்பா அவனைக் கட்டிப்பிடித்தார். அண்ணி அழுதாள். பாப்பா அவன் தோளில் ஏறிக்கொண்டது. கண்ணை முக்கால்வாசி மூடி ஜெபிக்கிற அந்த அம்மா என் கையைப் பிடித்து, "பாத்தியா, ஆண்டவர் விடுதல குடுத்துட்டாரு" என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். அடுத்த வாரமே சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணியின் அப்பா எழுந்து நின்று, தம் மருமகனைக் கர்த்தர் குடியிலிருந்து தூக்கியெடுத்த விதத்தை மைக்கில் விளக்கினார். அண்ணன் அண்ணியோடும் பாப்பாவோடும் மறுபடி சந்தாபுராவுக்கே குடிபோனான்.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது? அடுத்த முதல் ஞாயிறு வந்துவிடும். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் பழைய கதை. மாதாமாதம் குடித்துக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் போனில் சொன்னான், "அந்த ருசி நாக்க வுட்டுப் போவல தங்கச்சி. ஞாயித்துக்கெழம ஒரு வாய் குடிச்சா அந்த வாரம் பூரா அதுலயே போவுது." இரண்டு பஸ் மாறி அவன் வீட்டுக்கு ஓடினேன். வீட்டில் இல்லை. அண்ணி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆரம்பித்துவிட்டான்.

அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த முறை அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. மைக்கில் சாட்சி சொன்ன அப்பாவின் முகத்தில் எப்படிக் கரி பூசுவது? அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் வாரமெல்லாம் குடித்தான், முதல் ஞாயிறு சவரம் செய்துகொண்டு வந்து முன்னால் போய் முழங்காலிட்டு, பாத்திரத்திலும் குடித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தெளிவாக இருந்த மாதங்களில் எல்லோருக்கும் பாவியாக இருந்தான். குடித்துக்கொண்டிருந்த மாதங்களில் நல்ல சபையார் ஆகிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஜெபிக்க வராது.

மழைக்காலம் முடியும்போது அவன் கண் மஞ்சளாகி, வயிறு உப்பியிருந்தது. ஒரு காலை ரத்த வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் போய்விட்டது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்குக் கொண்டு போகிற நிலையிலும் அவன் இல்லை.

அதற்குள் பழைய போதகர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், அண்ணனைவிடச் சின்னவர். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கிற சின்னப் பெட்டியோடு ஒரு மத்தியானம் வார்டுக்கு வந்தார். அவரை அழைத்து வந்தது அண்ணியின் அப்பா. அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள், நான் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போதகர் ஜெபித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, சின்னக் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றப் போனார்.

அண்ணன் கையை அசைத்தான். "அப்பம் மட்டும் போதுங்கையா" என்றான். குரல் வெளியே வரவில்லை, நான்தான் திருப்பிச் சொன்னேன்.

"அதுக்கென்னங்கண்ணே" என்றார் போதகர். ரசப் புட்டியை மூடி உள்ளே வைத்தார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு யோசனை இல்லை.

அண்ணியின் அப்பா முன்னால் வந்தார். "ஐயா, அப்பம் மட்டும் வாங்குனா அது முழுத் திருவிருந்து ஆவுமா?"

"ஆவும். முடியாதவங்களுக்கு நாங்க அப்டித்தானே குடுப்போம். மாத்திர சாப்புடறவங்க, ஒத்துக்காதவங்க, எல்லாச் சபையிலயும் இருக்காங்களே."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் அப்பா சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் புட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் எல்லோரும் இப்படி ஆகிவிட்டோம் என்று போதகருக்குப் புரியவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏன், இதுக்கு முன்னாடி இவர் கேக்கலையா?" என்றார்.

"கேட்டேங்கையா" என்றான் அண்ணன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பிறகு அப்பத்துக்காக வாயைத் திறந்தான்.